நடுத்துண்டு

பழைய நோட்டுக் கண்காட்சியில் அருமைநாயகத்தின் மேசைக்கு வந்த பெண், பைக்குள்ளிருந்து பாதி நோட்டு ஒன்றை எடுத்து வைத்தாள். வெள்ளைக்காரன் காலத்து நூறு ரூபாய். பின்பக்கம் வெறும் வெள்ளை. அப்போதெல்லாம் தபாலில் களவு போகாமலிருக்க நோட்டை இரண்டாக வெட்டி, முதல் பாதி கிடைத்ததாகப் பதில் வந்த பிறகே மறு பாதியை அனுப்புவார்கள். இரண்டு பாதியிலும் ஒரே எண் இருக்கும். அந்த எண்ணைப் பார்த்ததும் அவர் அடையாளம் கண்டுகொண்டார். அதன் ஜோடியை எப்போதோ ஏலத்தில் எடுத்து வைத்திருந்தார்.

"எங்க பூட்டன் ரங்கூன்லேர்ந்து தம்பிக்கு அனுப்புனது, அண்ணாச்சி. வரவே இல்லன்னு தம்பி வீட்டுல சொல்லுதாவ. கெடச்சும் பதில் போடலன்னு நாங்க சொல்லுதோம். பதில் வராததால இந்த மறு பாதி எங்ககிட்டயே நின்னுபோச்சு. இன்னிக்கு வரைக்கும் ரெண்டு வீட்டுக்கும் பேச்சு கெடையாது."

அவர் தன்னுடைய பாதியை எடுத்து அதன் பக்கத்தில் சேர்த்தார். விளிம்புகள் ஒட்டி நின்றன. பூவேலைக் கோடுகள் மட்டும் சேரவில்லை. மெல்ல விலக்கிப் பார்த்தார். ஒரு விரல் அகலம் விலகியதும் கோடுகள் எல்லாம் நேராக வந்து நின்றன. இடையில் மேசையின் பச்சை விரிப்பு தெரிந்தது.

"நடுத்துண்டு எங்க?" என்றாள் அவள்.

"ரெண்டா வெட்டுறதுதாம்மா வழக்கம். மூணா வெட்டி நான் பார்த்ததே இல்ல."

அவள் அந்த இடைவெளியில் சுண்டுவிரலை வைத்தாள். அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

"அப்ப மூணாவதா ஒரு ஆளுக்கும் ஒரு துண்டு போயிருக்கணும். அப்படி ஒரு ஆளைப் பத்தி ரெண்டு வீட்டுலயும் யாருமே சொன்னதில்லையே, அண்ணாச்சி" என்றாள், விரலை எடுக்காமல்.