மூணே மூணு அருள்நிறைந்த மரியே

சனிக்கிழமை மாலை ஐந்து மணி. தேவாலயத்தில், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் பத்தொன்பது பேர் வரிசையில் நின்றார்கள். கடைசி ஆள் தையல்காரர்.

"கொடுத்துவெச்ச பங்குக்கோயில்யா நம்மது," என்றார் முன்னால் நின்ற வாத்தியார். "எந்தப் பாவத்தைச் சொன்னாலும் அபராதம் மூணே மூணு அருள்நிறைந்த மரியே ஜெபம். பழைய சாமி நம்ம முட்டியைத் தேய்ச்சே விட்டாரு."

தையல்காரர் சிரிக்கவில்லை. ஐந்தாவது வாரமாக ஒரே பாவத்தைச் சுமந்து வந்திருந்தார்.

முறை வந்ததும் மண்டியிட்டார்.

"சாமி, என் தம்பியை நான்தான் கொன்னுட்டேன். காய்ச்சலோட வாசல்ல வந்து நின்னான். பழைய சண்டையை நெனச்சுக் கதவைத் திறக்கலை. நாலாம் நாள் ஆஸ்பத்திரியில அநாதையாச் செத்துட்டான்."

"நல்லதுப்பா," என்றார் திரைக்கு அப்பாலிருந்த சாமியார். "மூணு அருள்நிறைந்த மரியே சொல்லு. சமாதானமாப் போ."

வெளியே வந்தவர், அதற்குள் அபராதத்தையும் முடித்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த வாத்தியாரைப் பிடித்துக்கொண்டார்.

"சாமிக்குச் சுத்தமாக் காது கேக்கலை, சார்."

"மெதுவாப் பேசுய்யா! கடவுளுக்குக் கேக்குதில்ல? உனக்கு என்ன குடையுது?"

குடையத்தான் செய்தது. மறுநாள் பூசை முடிந்ததும், 'சாமி, உங்களுக்குக் காது கேக்குதா?' என்று ஒரு சீட்டில் எழுதிச் சாமியாரிடம் நீட்டினார். படித்தவர் சீட்டை நாலாக மடித்து அங்கிக்குள் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு வருஷமாச்சுப்பா. வெளியே சொல்ல வெட்கம்."

தையல்காரர் கடையைப் பூட்டிவிட்டு அவரைக் காது டாக்டரிடம் அழைத்துப் போனார். காதுக்கு மிஷின் வந்தது.

அடுத்த சனிக்கிழமை முதல் ஆளாக மண்டியிட்டார். சொல்லி முடித்தார்.

"தம்பிக்குப் பிள்ளைங்க இருக்கா?"

"ரெண்டு பேர், சாமி."

"அவங்க வாசலுக்குப் போ. கதவைத் திறக்கலைன்னாலும் நில்லு. தினமும் போ. அதுதான் உன் அபராதம்."

தம்பி செத்த பிறகு முதல் முறையாகத் தையல்காரருக்கு அழுகை வந்தது.

அடுத்து உள்ளே போன வாத்தியார், கால் மணி நேரம் கழித்து வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"குறுக்குக் கேள்வி கேக்குறாருய்யா! எல்லாம் நீ பண்ண வேலைதானே?"

வரிசை மெல்லக் கலைந்தது. அதற்கடுத்த வாரம் மூன்று பேர். அதற்கும் அடுத்த வாரம் தையல்காரர் மட்டும்.

"இன்னும் திறக்கலை, சாமி."

"நில்லுப்பா. நானும் ஜெபிக்கிறேன்."

அந்த வாரமே சாமியாரின் மேலதிகாரியான ஆயருக்கு ஒரு மனு போயிற்று. வாத்தியாரின் கையெழுத்தில், முத்து முத்தாக. கீழே பங்கு மக்களின் ஒப்பங்கள்.

ஜூலை பதினான்காம் தேதி சாமியார் முதிய குருக்கள் இல்லத்துக்கு மாற்றப்பட்டார். மனுவில் சொல்லியிருந்த காரணம், அவருக்குக் காது கேட்பதில்லை.