சாரத்துளை

பழைய கோயிலை இடிக்காமல், அதைச் சுற்றியே புதிய கோயிலைக் கட்டுவது என்று சபையார் தீர்மானித்தார்கள். ஒரு ஞாயிறுகூட ஆராதனை தடைபடக் கூடாதாம். புதியதற்குக் கூரை போட்ட பிறகு, உள்ளே இருக்கும் பழையதை இடித்துக் கல் கல்லாக வாசல் வழியே வெளியேற்றிவிடுவார்கள். அதனால் வாராவாரம் பழைய ஜன்னல்களுக்கு வெளியே புதிய கல்சுவர் உயர்ந்துகொண்டே வந்தது. மகனைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்த நாளிலிருந்து ஜெபக்கனி தெற்கு ஜன்னலோரம்தான் உட்காருவாள். அவன் சிலுவை முதலில் பாதி மறைந்தது, பிறகு முழுதும். இப்போது ஜன்னலைத் திறந்தால் முகத்துக்கு நேரே கல்.

“கவலப்படாதீங்கம்மா. புதுக்கோயிலுக்குக் கலர் கண்ணாடி வைக்கப்போறோம், வெளிச்சம் நல்லா வரும்” என்றார் சபைப் போதகரான ஐயர்.

“வெளிய இருந்து பாத்தா உள்ள இருக்க ஆளு தெரியுமா ஐயரே?”

“அது எப்பிடித் தெரியும்? வெளிச்சம் நமக்குத்தானம்மா.”

சாரம் பிரித்த அன்று, கம்புகள் செருகியிருந்த துளைகளைக் கொத்தனார் தவசிமுத்து வெளிப்பக்கமிருந்து ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வந்தார். தெற்குச் சுவரின் கடைசித் துளையில் ஒரு கை மணிக்கட்டுவரை வெளியே நீண்டு, கல்லறைப் பக்கமாக அசைந்துகொண்டிருந்தது.

“யக்கா, கைய எடுங்க. கலவ இறுகுது.”

பழைய சுவருக்கும் புதிய சுவருக்கும் நடுவிலிருந்து குரல் மட்டும் வந்தது.

“கொஞ்சம் பொறுங்க கொத்தனாரே. அவன் இன்னும் பாக்கல.”