கேட்டைத் தாண்டிய சால்வை

"இந்தச் சால்வையும் வித்துப்போச்சுடி!" என்று கூவிக்கொண்டே மூங்கில் படியேறி வந்தாள் லா சே.

நூல் தீர்ந்துபோன கைத்தறியின் முன்னால், தறியை இழுத்துப் பிடிக்கும் பட்டையை இடுப்பில் மாட்டியபடி சும்மா உட்கார்ந்திருந்த பா கே தலையைத் தூக்கினாள். அதற்குள் அவள் மகள் ஏ மூ துள்ளி எழுந்துவிட்டாள்.

"யாரு வாங்கினாங்க பெரியம்மா?"

"பனி பெய்யுற ஊர்ல ஒரு அம்மா. தோள்ல போட்டத கழட்டவே மாட்டேங்கிறாளாம்! இன்னொண்ணு வேணும்னு நூலும் குடுத்துவிட்டிருக்கா."

ஏ மூ பிறந்ததே இந்த அகதி முகாமில்தான். தாய்லாந்துக் காவலர்கள் நிற்கும் கேட்டுக்கு அந்தப் பக்கம் அவள் ஒரு நாளும் போனதில்லை. "நம்ம சால்வை மறுபடியும் கேட்டைத் தாண்டிடுச்சும்மா!" என்று அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

பெண்கள் சங்கத்தை நடத்தும் லா சேவுக்கு வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது. விட்டுவந்த நிலத்தைப் பார்த்துவர ஆற்றைத் தாண்டி பர்மாவுக்குப் போன புருஷன் குண்டுக்குப் பலியான சேதி வந்ததிலிருந்து, சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தவள் பா கே. தறியில் உட்கார வைத்த பிறகுதான் ஒரு வாய் சோறு தின்றாள். தறி நின்றால் மறுபடி படுத்துவிடுவாள். அப்புறம் இந்தக் குழந்தைக்கு யார் இருக்கிறார்கள்?

உதவி செய்தவர்கள் எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள். ரேஷன் அரிசியே பாதியாகிவிட்டது. இந்த லட்சணத்தில் நூலுக்கு எங்கே போவது?

பா கே சிவப்பு நூல் உருண்டையை வாங்கி, ஒரு இழையை இழுத்துப் பார்த்தாள். நெளிநெளியாக வந்தது.

"வர்ற வழியில மழையில நனைஞ்சிருக்கும்," என்றாள் லா சே அவசரமாக.

"இருக்கும்க்கா."

"அம்மா, அடுத்ததையும் வாங்குவாங்களா?"

"வாங்குவாங்கடி. குழாயில தண்ணி விட்டுட்டாங்க பாரு, குடத்தை எடுத்துட்டு ஓடு."

குழந்தையின் காலடிச் சத்தம் மறையும்வரை பா கே காத்திருந்தாள். பிறகு முதல் இழையைத் தறியில் கட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்:

"அடுத்த தடவை சால்வையை மெதுவாப் பிரிங்கக்கா. இந்த நூல் இன்னும் ஒரு தடவைக்குத்தான் தாங்கும்."