ஆய்வகத்தில் ஒரு குலவை

ஆய்வகத்துக்குள்ளிருந்து திடீரென்று குலவைச் சத்தம் கிளம்பியது. டாக்டர் ரெஜினா வராந்தாவிலிருந்து பதறிக்கொண்டு ஓடிவந்தார். மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே உலகம்மாள் குலவையிட்டுக்கொண்டிருந்தாள். அவள் கணவர் சிவனணைந்தானுக்கு மாரடைப்பில் பாதி இதயம் செயலிழந்துவிட்டது. அவருடைய ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல்களை உருவாக்கி, அவற்றை இதயச் செல்களாக வளர்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் இரண்டு வளர்ப்புத் தட்டுகளிலும் செல்கள் அசையாமலே வீணாயின. இந்த மூன்றாவது தட்டிலும் இன்றைக்குள் துடிப்பு வராவிட்டால் சிகிச்சை கிடையாது.

"இங்க சத்தமே போடக்கூடாதும்மா!" என்று அதட்டியபடி குனிந்து பார்த்த ரெஜினா அப்படியே நின்றுவிட்டார். உள்ளே கடுகளவு திசு விட்டுவிட்டுச் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. நிமிர்ந்தபோது அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னொரு தடவை போடுங்கம்மா. நல்லா சத்தமா."

சக்கர நாற்காலியைத் தள்ளிவந்து கணவரையும் பார்க்க வைத்தாள் உலகம்மாள். லாரி ஓட்டிய முப்பது வருஷமும் வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனுஷன், வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

"ஏட்டி, உன்னையப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கும் இப்படித்தான் கெடந்து அடிச்சுது. நீதான் நிமிந்தே பாக்கல."