நீங்க நம்புறீங்களா டீச்சர்?

கடைசி பெஞ்சில் இரண்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

பத்தாம் வகுப்புப் பெண்களில் ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு கரும்பலகையையே பார்த்தார்கள்.

ஒருவர் கோதண்டராமன். சிங்கவரத்தில் நிலமும், கோயிலில் முதல் மரியாதையும் உள்ளவர். மற்றவர் மஜீத். செஞ்சிக் கடைவீதியில் ஜவுளிக்கடை, ஜமாத்தில் பெரிய ஆள். இருவரும் பள்ளிக்கூடக் கமிட்டியில் இருந்தார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் ஒத்துக்கொண்டதாகச் சரித்திரம் கிடையாது.

எண்பத்து மூன்றாம் வருடம், இந்த ஒரு பாடத்தில் ஒத்துப்போனார்கள்.

"கொரங்குலேர்ந்து மனுசன் வந்தானாமே, டீச்சர் எப்டி நடத்துறாங்கன்னு நாங்களும் கேக்குறோம்" என்று ஹெட்மிஸ்ட்ரஸிடம் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் வாசலிலேயே நின்றுவிட்டார்.

டீச்சர் ஜாஹிதா பேகத்துக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அடுத்த கமிட்டியில் முடிவாக வேண்டும்.

அவள் பாடத்தை நடத்தினாள். பாறைக்குள் படிந்த எலும்புகள். குறைந்துகொண்டே வந்த குதிரையின் விரல்கள். மஜீத் கண்ணை மூடிக் கேட்டார். கோதண்டராமன் மூடவில்லை. ஓட்டுக்கூரையில் கோட்டைக் குரங்குகள் தடதடவென்று ஓடின. எப்போதும் சிரிக்கிற பெண்கள் அன்று சிரிக்கவில்லை.

இரண்டாவது பெஞ்சிலிருந்து அமிர்தவல்லி எழுந்தாள். கோதண்டராமனின் மகள்.

"டீச்சர், இதெல்லாம் நெஜம்னு நீங்க நம்புறீங்களா?"

ஜாஹிதாவுக்குப் புரிந்துவிட்டது. வீட்டில் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

ஆமாம் என்றால் வேலை போகும். வேலையோடு நிற்காது. மஜீத் கடையைத் தாண்டித்தான் தினமும் வீட்டுக்குப் போகவேண்டும். இரண்டு தங்கைகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவள் நம்பினாள். கல்லூரியில் படித்த நாளிலிருந்தே நம்பினாள். ஐந்து வேளைத் தொழுகையையும் விட்டதில்லை. இரண்டும் அவளுக்குள் சண்டையில்லாமல் இருந்தன. எப்படி என்று யாரும் அவளைக் கேட்டதில்லை.

சாக்பீஸ் விரலில் பிசுபிசுத்தது.

"இல்லம்மா" என்றாள். "பரீட்சைக்கு வருது, எழுதணும். அவ்ளோதான். நம்பணும்னு நான் யாருக்கும் சொல்லிக் குடுக்கல."

மஜீத் கண்ணைத் திறந்தார். "அதானே" என்று தலையசைத்தார்.

அமிர்தவல்லி உட்காரவில்லை. டீச்சரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஜாஹிதா அந்த முகத்தைப் பார்த்தாள். யாரோ சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தவளின் முகமாக அது இல்லை.

கோதண்டராமன் எழுந்து வந்தார். அவரிடம் கோபமே தெரியவில்லை. மகளின் பையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க டீச்சரம்மா. ஊட்ல கொஞ்ச நாளா இதே பேச்சுதான். ஆதியில நாம இன்னாவா இருந்தோம்ன்றா. சாமிய யாரு படைச்சாங்கன்றா. நீங்கதான் மண்டையில ஏத்தி உட்டுட்டீங்கன்னு உங்க மேல கோவமா வந்தேன்."

பையின் வாரைக் கையில் மெதுவாகச் சுற்றினார்.

"இப்பதான் தெரியுது. இது தானாவே யோசிக்குது."

"நைனா, பரீட்சை இருக்குது நைனா..."

"படிச்ச வரைக்கும் போதும். வா."

அமிர்தவல்லி புத்தகத்தை பெஞ்சிலேயே விட்டுவிட்டு அவர் பின்னால் நடந்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது ஒருமுறை திரும்பினாள்.

நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி தன்மேல் வந்துவிடும். ஜாஹிதா வாயைத் திறந்தாள். மஜீத் இன்னும் எழுந்திருக்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வராந்தாவில் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

"நடத்துங்க டீச்சர்" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

மீதிப் பாடத்தையும் நடத்தி முடித்தாள். முடித்ததும், பழக்கத்தில் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

ஒரு கையும் எழவில்லை.