தோளில் ஓர் ஒட்டு

"ஏனுங்ணா, படத்துல ஹீரோயின் போட்டிருக்கற மாதிரி ஒட்டுப் போடச் சொன்னேன். இது புதுசுன்னு பார்த்ததுமே தெரியுதுங்க!" என்று சுடிதாரைத் திருப்பிக் கொடுத்தாள் பூஜிதா.

டெய்லர் சிக்கந்தருக்கு அலுத்துவிட்டது. மில் தொழிலாளியாக வரும் அந்தக் கதாநாயகி, தோள் கிழிசலில் வேறு நிறத் துணியை ஒட்டுப் போட்டாலும் போட்டாள், ஒரு மாதமாக ஆர்.எஸ்.புரத்துப் பெண்களெல்லாம் நல்ல துணியைக் கிழித்து ஒட்டுப் போடச் சொல்லிப் படையெடுக்கிறார்கள்.

"வேற எப்படிங்க அம்மணி தெக்கறது?"

"அதோ, வாசல்ல பையோட நிக்கறாங்களே, அந்த அக்கா போட்டிருக்கற மாதிரி. சாயம் போயி, நூல் பிரிஞ்சு, அச்சு அசல் படத்துல வர்றதேதான்! உங்க கஸ்டமருங்களா?"

நிமிர்ந்து பார்த்த சிக்கந்தருக்குக் காதெல்லாம் சுட்டது. "ஆருன்னு தெரியாதுங்க" என்றான்.

பூஜிதா விடவில்லை. வாசலுக்கே போய்க் கேட்டாள். "அக்கா, இந்த ஒட்டு எங்கீங்க போட்டீங்க?"

அந்தப் பெண் துப்பட்டாவை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். "நானே கையில தெச்சதுங்க. கிழிஞ்சுபோச்சு, தெச்சுக் குடுங்கன்னு ஊட்டுக்காரர்கிட்ட ஒரு மாசமாச் சொல்றேன். அவருக்கு ஊரார் துணியக் கிழிச்சு ஒட்டுப் போடவே நேரம் பத்தலீங்க."

பிறகு உள்ளே வந்து, பையிலிருந்த சாப்பாட்டுக் கேரியரை மேசைமேல் வைத்தாள்.

"ஏனுங்க டெய்லர், சோறு ஆறிப்போகும், சாப்பிடுங்க."

கழுத்தில் தொங்கிய டேப்பைச் சிக்கந்தர் மேசைக்கடியில் தேடிக்கொண்டிருந்தான்.