கவர் கழற்றாத மெத்தை

ஓடி ஓடி வேட்டையாடி அலுத்துப்போன புலி, காட்டோரத்தில் ஒரு மெத்தைக் கடை போட்டது. கடையில் இருந்தது ஒரே ஒரு ஸ்பிரிங் மெத்தை. உயர்ந்த ரகம், நல்ல கெட்டி. வாங்க வருகிறவர்கள் படுத்துப் பார்க்கலாம்.

முதலில் மான் வந்தது. "நான் ஒருக்களிச்சுப் படுக்கிற ஆள். இவ்வளவு கெட்டியா இருந்தா தோள் வலிக்குமே முதலாளி?"

"படுத்துப் பாரும்மா. வலியே தெரியாது."

"பிளாஸ்டிக் கவரைக் கழற்றலையா?"

"கறை பட்டா போகாதும்மா."

"எங்க வீட்டு சோபாவுலயும் இன்னும் கழற்றலை" என்று சிரித்துக்கொண்டே மான் படுத்தது.

மறுநாள் ஆடு வந்தது. புலி ஈரத்துணியால் கவரைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"மெத்தை எப்படி முதலாளி?"

"இதுல படுத்தவங்க ஒருத்தர்கூடக் குறைன்னு திரும்பி வந்ததில்லை."

மெத்தைக்குப் பொறுக்கவில்லை. "ஓடிடு! நேத்து என்மேல ஒருக்களிச்சுப் படுத்த மானை இவர் தின்னுட்டார்!" என்று கத்தியது.

ஆடு கொஞ்சம் யோசித்தது.

"மான் ஒருக்களிச்சுப் படுக்கிற ஆள். நான் குப்புறப் படுக்கிற ஆளாச்சே" என்று சொல்லிவிட்டு ஏறிப் படுத்தது.